இதயம் நன்றாக இருக்கிறது என்றார்கள், பிறகு ஏன் மூச்சு இரைக்கிறது?

கேள்வி:

டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு வயது 61. கன்னங்குறிச்சியில் குடியிருக்கிறேன். 30 வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றேன். அதில் 12 வருடம் சேலம்–ஏற்காடு தடம். இரண்டு வருடத்துக்கு முன் மாரடைப்பு வந்து ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். மாத்திரையை ஒரு வேளைகூட விட்டதில்லை. ஆனாலும் மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. மூக்கனேரிக் கரையில் என் வயதுக்காரர்களோடு நடந்தால் நான்தான் பின்தங்குகிறேன். இதய டாக்டர் எக்கோ எடுத்துப் பார்த்துவிட்டு, "ஹார்ட் நல்லா பம்ப் பண்ணுது, வயசாகுதுல்ல" என்றார். 19 வயதில் பீடி பிடிக்க ஆரம்பித்தேன், தினமும் 15 இருக்கும். 29 வயதிலிருந்து சிகரெட், ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட், அதாவது 10. மாரடைப்புக்குப் பிறகு 4 ஆகக் குறைத்துவிட்டேன். காலையில் கொஞ்சம் இருமலும் சளியும் உண்டு. அது புகை பிடிக்கிற எல்லாருக்கும் இருப்பதுதானே. பொங்கலுக்கு ஏற்காடு மலையில் நாகலூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனோம். பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு ஏறும் மேட்டில் மூன்று இடத்தில் நின்றேன். இனி மலைக்கே போகக் கூடாது என்கிறார் என் மனைவி. இன்னொரு அடைப்பு இருக்குமோ? திரும்ப ஆஞ்சியோ எடுக்க வேண்டுமா? மச்சான் மூச்சு வாங்கினால் வாயில் அடித்துக்கொள்ளும் தன்னுடைய பஃப்பைக் கொடுத்தார். ஹார்ட் பேஷன்ட் பஃப் அடித்தால் ஹார்ட் நின்றுவிடும் என்று வேறு சிலர் பயமுறுத்துகிறார்கள். நான் என்ன செய்யட்டும்?

ஓய்வுபெற்ற ஓட்டுநர், சேலம்

பதில்:

ஐயா, வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஸ்டென்ட் பற்றி எழுதியிருக்கிறீர்கள், எக்கோ பற்றி எழுதியிருக்கிறீர்கள், ஆஞ்சியோ வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு குழாயில் வாய் வைத்து ஊதச் சொன்னார்கள் என்று எங்காவது ஒரு வரி வருமா என்று தேடினேன். வரவில்லை. 19 வயதிலிருந்து புகை பிடிக்கிற ஒருவருக்கு மூச்சு இரைக்கிறது, காலையில் சளி வருகிறது, மேடு ஏறினால் நிற்க வேண்டியிருக்கிறது. இவ்வளவு இருந்தும் அவருடைய நுரையீரலை இதுவரை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. கடிதம் முழுவதிலும் என்னை உறுத்தியது அதுதான்.

ஆஞ்சியோ பற்றிப் பிறகு வருகிறேன். அதற்கு முன் நீங்கள் செய்துகொள்ள வேண்டியது ஸ்பைரோமெட்ரி. நம் ஊரில் "ஊதுற டெஸ்ட்" என்பார்கள், சீட்டில் பி.எஃப்.டி. என்றும் எழுதுவார்கள். அதில் நான் தேடுவது சி.ஓ.பி.டி. என்கிற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். கடிதத்தைப் படித்துவிட்டு உங்களுக்கு அது இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. இருப்பதற்கு நல்ல வாய்ப்பு உண்டு என்று தயங்காமல் சொல்வேன்.

ஏன் என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் எவ்வளவு புகைத்திருக்கிறார் என்பதை நாங்கள் 'பாக்கெட் வருடம்' என்று அளப்போம். தினமும் 20 சிகரெட் வீதம் ஒரு வருடம் பிடித்தால் ஒரு பாக்கெட் வருடம். இங்கே பலர் ஏமாந்துபோகிற ஓர் இடம் உண்டு. நம் கடைகளில் விற்கும் பாக்கெட்டில் பெரும்பாலும் 10தான் இருக்கும், கணக்கோ 20ஐ வைத்து. ஆகவே தினம் 10 வீதம் 30 வருடம் என்றால் உங்களுக்கு 15 பாக்கெட் வருடம். பீடியைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுகிறவர்களும் உண்டு, சின்னதாக இருக்கிறதே என்று. பீடியில் புகையிலை குறைவுதான், ஆனால் அடிக்கடி இழுக்காவிட்டால் அணைந்துவிடும். அதனால் பிடிப்பவர் ஆழமாகவும் அடிக்கடியும் இழுக்கிறார், கார்பன் மோனாக்ஸைடும் தாரும் நிறையவே உள்ளே போகின்றன. உங்கள் பத்து வருடப் பீடியை சிகரெட்டுக்குச் சமமாக வைத்தால் இன்னும் ஏழரை. மொத்தம் 22க்கு மேல். 10ஐத் தாண்டியவருக்கு மூச்சிரைப்பும் சளியும் இருந்தால், வேறு எதையும் யோசிக்காமல் நான் ஊதச் சொல்லிவிடுவேன்.

இந்த நோய் என்ன செய்கிறது என்பதை மற்றவர்களுக்கு விளக்க எனக்குப் படம் வேண்டும். உங்களுக்கு வேண்டாம். சைலன்சர் அடைத்துக்கொண்ட வண்டியை நீங்கள் ஓட்டியிருப்பீர்கள். எரிந்த புகை வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே நிற்கும், அதனால் புதுக் காற்று உள்ளே வர இடம் இருக்காது. சமதளத்தில் ஓடும்போது பெரிதாகத் தெரியாது. அடிவாரம் தாண்டி ஏற்றம் பிடித்ததும் வண்டி இழுக்காது. சி.ஓ.பி.டி.யும் அப்படித்தான். மூச்சு உள்ளே போவதில் அல்ல, வெளியே வருவதில்தான் சிக்கல் தொடங்குகிறது. பல வருடப் புகையில் சிறிய மூச்சுக்குழாய்கள் வீங்கித் தடித்து, சளி கட்டி, குறுகிவிடுகின்றன. அவற்றைத் திறந்து வைத்திருக்கும் காற்றறைச் சுவர்களும் அரித்துப்போகின்றன. மெதுவாக நடக்கும்போது, விட்ட மூச்சு வெளியேற நேரம் கிடைக்கிறது. மேடு ஏறும்போது வேகமாக மூச்சு விட வேண்டும். முந்தைய மூச்சு முழுதாக வெளியேறும் முன்பே அடுத்ததை இழுக்கிறீர்கள். பழைய காற்று உள்ளே தேங்கிக்கொண்டே போகிறது, நெஞ்சு விரிந்து இறுகுகிறது, "இதுக்கு மேல இழுக்க முடியல" என்று நின்றுவிடுகிறீர்கள். இரண்டு நிமிடம் நின்றால் தேங்கியது வெளியேறிவிடும், மறுபடி நடக்கலாம். நாகலூர் மேட்டில் மூன்று இடத்தில் நடந்தது இதுவாக இருக்கலாம் என்று நினைக்கிறேன்.

இதயத்தையும் நுரையீரலையும் கெடுப்பது ஒரே புகை. இது எங்களுக்கு எல்லாம் தெரிந்ததுதான். ஆனாலும் ஒருவருக்கு மாரடைப்பு வந்துவிட்டால், அதன் பிறகு வரும் மூச்சிரைப்பு எல்லாவற்றையும் இதயத்தின் கணக்கிலேயே எழுதிவிடுகிறோம். ஐரோப்பிய நாடுகள் சிலவற்றில் இதய நோய் வெளிநோயாளிப் பிரிவுக்கு வந்தவர்களை ஊதவைத்துப் பார்த்தார்கள். இதய ரத்தக்குழாய் அடைப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மூச்சுக்குழாய் அடைப்பும் இருந்தது. அவர்களில் பெரும்பாலோருக்கு அதுவரை யாரும் அதைக் கண்டுபிடித்திருக்கவில்லை. டாக்டரிடம் வந்துபோய்க்கொண்டிருந்தவர்கள் அவர்கள்.

நானும் இதே தவறைச் செய்தவள்தான். படித்து முடித்துப் பணியில் சேர்ந்த முதல் ஆண்டுகளில், வெள்ளிப் பட்டறையில் உருக்கும் வேலை பார்த்த ஒருவர் மூச்சுத் திணறலோடு திரும்பத் திரும்ப வார்டில் வந்து சேருவார். பழைய மாரடைப்புக்காரர், பீடி பிடிப்பவர். சேர்ந்தவுடன் நீர் பிரிக்கும் ஊசி, ஆக்ஸிஜன், நெபுலைசர், மூன்று நாளில் வீடு. கேஸ் ஷீட்டின் முதல் வரியிலேயே 'இதய நோயாளி' என்று இருந்ததால் அதற்குக் கீழே யாரும் வேறு எதையும் எழுதவில்லை. நானும் எழுதவில்லை. மூன்று வருடம் கழித்து வேறொரு மருத்துவர் அவரை ஊதவைத்தார். முதல் ஒரு நொடியில் வர வேண்டிய காற்றில் பாதிகூட வரவில்லை. அதற்குள் குளிக்கும்போதே உட்கார்ந்து இளைப்பாறும் நிலைக்கு வந்துவிட்டிருந்தார். அந்த ஷீட்டுகளில் என் கையெழுத்தும் இருந்தது. அன்றிலிருந்து, புகை பிடிக்கும் இதய நோயாளி யார் வந்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, "எப்பவாவது ஊதிப் பாத்திருக்கீங்களா?"

உங்கள் இதய மருத்துவர் எக்கோவைப் பார்த்துச் சொன்னதில் தவறில்லை. இதயம் எப்படிச் சுருங்கி விரிகிறது என்பதைத்தான் எக்கோ காட்டும், மூச்சுக்குழாய் குறுகியிருப்பதை அது காட்டாது. ஈ.சி.ஜி.யும் காட்டாது. மார்பு எக்ஸ்ரேகூட இந்த நோயில் பல வருடம் சுத்தமாகவே இருக்கும். விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்ஸிஜன் அளவும் ஆரம்பத்தில் 97, 98 என்று நன்றாகவே வரும். நெஞ்சில் ஸ்டெத் வைத்துக் கேட்டால் வீசிங் கேட்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆனால் "வயசாகுதுல்ல" என்பதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். உங்களோடு நடப்பவர்களுக்கும் அதே வயதுதானே. அவர்கள் முன்னால் போகிறார்கள், நீங்கள் பின்தங்குகிறீர்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். என்னைப் பொறுத்தவரை உங்கள் கடிதத்தின் மிக முக்கியமான வரி அது. காலைச் சளியும் அப்படித்தான். புகைப்பவர்களில் பலருக்கு இருக்கிறது என்பதால் அது சாதாரணம் ஆகிவிடாது.

பரிசோதனை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன், பயம் வேண்டாம். ஊசி இல்லை, மயக்கம் இல்லை, அரை மணி நேர வேலை. நிமிர்ந்து உட்காரவைத்து மூக்கில் ஒரு கிளிப் போடுவார்கள். முடிந்த மட்டும் மூச்சை இழுத்து, உதட்டால் குழாயை இறுக மூடி, வெடித்த மாதிரி ஒரே வேகத்தில் ஊத வேண்டும். பெரும்பாலோர் அந்த முதல் வேகத்தோடு நிறுத்திவிடுவார்கள், அங்கேதான் சோதனை வீணாகிறது. "இன்னும், இன்னும்" என்று பக்கத்தில் இருப்பவர் சொல்லச் சொல்ல, குறைந்தது ஆறு நொடி, காற்றே இல்லை என்று தோன்றிய பிறகும் ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். மூன்று நல்ல ஊதல் கிடைக்கும்வரை திரும்பச் செய்வார்கள். பிறகு மூச்சுக்குழாயை விரிக்கும் சால்புட்டமால் மருந்தை பஃப்பாகக் கொடுத்து, 15 நிமிடம் உட்காரவைத்து, மறுபடி ஊதச் சொல்வார்கள்.

தாளில் இரண்டு எண்களைத் தேடுங்கள். முதல் ஒரு நொடியில் வெளியே வந்த காற்று ஒன்று, அதற்கு எஃப்.இ.வி.1 என்று பெயர். மொத்தமாக வெளியே வந்த காற்று இன்னொன்று, அது எஃப்.வி.சி. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் வரும் விகிதம்தான் விஷயம். மருந்து கொடுத்த பிறகும் அது 0.70க்குக் கீழே இருந்து, உங்களைப் போல் அறிகுறிகளும் புகைப் பழக்கமும் இருந்தால், அது சி.ஓ.பி.டி. அடைப்பு எவ்வளவு என்பதை எஃப்.இ.வி.1 சொல்லும். உங்கள் வயது, உயரத்துக்கு இருக்க வேண்டியதில் 80 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் லேசானது, 50க்குக் கீழே போனால் கடுமையானது. சில இடங்களில் மருந்துக்கு முன் மட்டும் ஊதவைத்துத் தாளைக் கொடுத்துவிடுவார்கள். அது போதாது. "மருந்துக்குப் பிறகும் எடுத்தீங்களா?" என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.

மாரடைப்பு வந்த புதிதில் இந்தச் சோதனையைச் செய்ய மாட்டோம். உங்களுக்கு இரண்டு வருடம் ஆகிவிட்டது, தடையில்லை. இருந்தாலும் ஸ்டென்ட் இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அண்மையில் கண்ணில் புரை ஆபரேஷன் செய்திருந்தாலோ, இப்போது ஓய்வில் இருக்கும்போதே நெஞ்சு வலி இருந்தாலோ அதையும் சொல்லுங்கள், தள்ளிவைப்பார்கள். அன்று காலை வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம், பெல்ட்டை இறுக்க வேண்டாம், சிகரெட் வேண்டவே வேண்டாம். மச்சான் கொடுத்த பஃப்பையும் தொட வேண்டாம், சோதனை முடிவைக் குழப்பிவிடும். செலவு பற்றி யோசிக்கிறீர்கள் என்றால், நம் பெரியாஸ்பத்திரி, அதாவது அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நெஞ்சக நோய்ப் பிரிவுக்குப் பழைய டிஸ்சார்ஜ் சீட்டோடு போய், 22 பாக்கெட் வருடக் கணக்கைச் சொல்லிக் கேளுங்கள்.

இப்போது உங்கள் மாத்திரைச் சீட்டை எடுத்துப் பாருங்கள். அதில் டிகாகிரெலார் என்ற பெயர் இருக்கிறதா? ஸ்டென்ட்டில் ரத்தம் உறையாமல் இருக்கப் பலருக்கும் கொடுக்கும் நல்ல மருந்து அது. ஆனால் சாப்பிடுபவர்களில் பத்துப் பேரில் ஒருவருக்காவது மூச்சு முட்டுவது போன்ற உணர்வைத் தரும். ரேமிபிரில், எனாலபிரில் போன்ற மாத்திரைகள் வறட்டு இருமலைத் தரலாம், ஆனால் உங்களைப் போல் சளி வராது. ஆஸ்பிரினோடு இன்னொரு மாத்திரையும் சேர்த்துச் சாப்பிடும்போது, வயிற்றில் தெரியாமல் ரத்தம் கசிந்து ரத்தச்சோகை வந்தாலும் மூச்சு வாங்கும். ஆகவே ஹீமோகுளோபினையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இவற்றில் எதைக் கண்டுபிடித்தாலும் நீங்களாக மாத்திரையை நிறுத்தக் கூடாது. ஸ்டென்ட் வைத்தவர் சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. இதய மருத்துவரிடம் கேட்டு மாற்றலாம்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். சி.ஓ.பி.டி. என்று தெரிந்தவுடன் யாராவது, "நுரையீரல் நோய் இருக்கு, அந்த பீட்டா பிளாக்கரை நிறுத்துங்க" என்று சொல்லக்கூடும். பீட்டா பிளாக்கர் என்பது இதயத் துடிப்பைத் தணிக்கும் மாத்திரை. அவற்றில் மெட்டோபிரலால், பிசோபிரலால், நெபிவலால் ஆகியவை பெரும்பாலும் இதயத்தின் மேல் மட்டும் வேலை செய்பவை. மாரடைப்பு வந்தவருக்கு அவை தேவை என்றால், சி.ஓ.பி.டி. இருந்தாலும் கொடுக்கலாம். ப்ரோப்ரனலால் போன்ற பழைய வகை என்றால் மட்டும் இரு மருத்துவர்களும் பேசி மாற்றுவார்கள்.

பஃப் அடித்தால் ஹார்ட் நிற்குமா? நிற்காது. சால்புட்டமால் மாத்திரையில் 2 அல்லது 4 மில்லிகிராம் இருக்கும், ஒரு பஃப்பில் 100 மைக்ரோகிராம். அதாவது ஒரு 4 மில்லிகிராம் மாத்திரையில் இருக்கும் மருந்து 40 பஃப்புக்குச் சமம். ரத்தம் வழியாக உடம்பு முழுக்கச் சுற்றாமல், தேவையான இடத்துக்கே கொஞ்சமாகப் போகிறது என்பதால்தான் பஃப் தருகிறோம். "கடைசி நிலையில் இருக்கிறவங்களுக்குத்தான் பஃப்", "ஒருமுறை எடுத்தா விட முடியாது" என்பவை நம் ஊரில் ஊறிப்போன பயங்கள். இந்தப் பயத்தால் பஃப்பை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மாத்திரையாகக் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்கள். தியோபிலின் வகை மாத்திரைகள் அப்படிப் புழங்குகின்றன. இதய நோயாளிக்கு அவைதான் படபடப்பையும் துடிப்புக் கோளாறையும் தரக்கூடியவை.

அதற்காக மச்சானுடைய பஃப்பை எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. அவருக்கு ஆஸ்துமாவாக இருக்கலாம், அதில் இருக்கும் மருந்து வேறாக இருக்கலாம். உடனடி நிவாரணத்துக்கான பஃப்பை நாள் முழுக்க அடித்துக்கொண்டிருந்தால் இதயத் துடிப்பு கூடத்தான் செய்யும். சி.ஓ.பி.டி. உறுதியானால் பெரும்பாலும் டையோட்ரோபியம், கிளைகோபைரோனியம் போன்ற நீண்ட நேரம் வேலை செய்யும் மருந்தைத் தனியாகவோ இன்னொன்றோடு சேர்த்தோ தருவோம். ஸ்டீராய்டு கலந்த பஃப் எல்லாருக்கும் தேவைப்படாது. அடிக்கடி நோய் திடீரென்று மோசமாகிறவர்களுக்கும், ரத்தத்தில் ஈஸினோபில் என்ற வெள்ளை அணுக்கள் கூடுதலாக இருப்பவர்களுக்கும்தான் அது. எந்தக் கருவி தந்தாலும், மருத்துவர் முன்னாலேயே ஒருமுறை எடுத்துக்காட்டி, சரியா என்று கேட்டுவிட்டு எழுந்து வாருங்கள். பாதிப் பேருக்கு மருந்து தொண்டையோடு நின்றுவிடுகிறது.

சிகரெட்டுக்கு வருகிறேன். பத்திலிருந்து நாலுக்குக் கொண்டுவர நீங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும், அதைச் சிறுமைப்படுத்த மாட்டேன். ஆனால் இதயம் நாலா பத்தா என்று நீங்கள் நினைப்பதுபோல் எண்ணுவதில்லை. 2018இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு, தினமும் ஒரே ஒரு சிகரெட் பிடிப்பவருக்குக்கூட, 20 பிடிப்பவருக்குக் கூடும் இதய நோய் ஆபத்தில் ஏறக்குறைய பாதி இருக்கிறது என்று காட்டியது. நாலு என்பது உங்கள் ஸ்டென்ட்டுக்குப் பாதுகாப்பான எண் இல்லை. நுரையீரலின் கதை வேறு விதம். லண்டனில் வேலைக்குப் போகும் ஆண்களை எட்டு ஆண்டு பின்தொடர்ந்து பிளெட்சரும் பீட்டோவும் 1977இல் எழுதியதை இன்றும் நாங்கள் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். போன நுரையீரல் திரும்ப வராது. ஆனால் புகையை நிறுத்தியவருக்கு, அதற்குமேல் தேயும் வேகம் புகைக்காதவரின் வேகத்துக்கு வந்துவிடுகிறது. இதை வாசித்துவிட்டு "போனது வராதுல்ல, அப்புறம் எதுக்கு" என்று நினைத்துவிடாதீர்கள். 61 வயதில் மாடி ஏற மூச்சு வாங்குகிறவர், 70 வயதில் தன் சட்டையைத் தானே போட்டுக்கொள்வாரா, இன்னொருவர் போட்டுவிட வேண்டியிருக்குமா என்பது இனிமேல் தேயப்போகும் வேகத்தில் இருக்கிறது.

மன உறுதி மட்டும் போதும் என்று உங்களை விட்டுவிட மாட்டேன். 42 வருடப் பழக்கம் மூளையில் நிக்கோட்டின் கேட்கும் பழக்கம், அதற்கு மருந்து உண்டு. நிக்கோட்டின் சூயிங்கம் 2, 4 மில்லிகிராமில் கிடைக்கிறது. வரெனிக்ளின் மாத்திரை இருக்கிறது, இதய நோய் கட்டுக்குள் இருப்பவர்களுக்கும் மருத்துவர் மேற்பார்வையில் தருகிறோம். உங்கள் பாக்கெட்டிலேயே 1800-11-2356 என்ற இலவச எண் அச்சிட்டிருக்கும். இத்தனை வருடம் கையில் வைத்திருந்த எண் அது, ஒருமுறை கூப்பிடுங்கள். நாலில் எது விடவே முடியாதது என்று பாருங்கள். டிரைவர்கள் பலர் என்னிடம் சொன்னது, டீயோடு சேர்ந்த அந்த முதல் சிகரெட். அப்படியென்றால் சில வாரங்களுக்குக் காலை டீயைக் கடையில் குடிக்காமல் வீட்டில் குடியுங்கள்.

மலைக்குப் போகலாமா என்பதற்கு வருகிறேன். உங்கள் மனைவியின் பயம் நியாயமானது, ஆனால் மகள் வீட்டு வாசலை மூடிவிடத் தேவையில்லை. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர். காற்றில் ஆக்ஸிஜனின் பங்கு அங்கேயும் 21 சதவீதம்தான். ஆனால் காற்றழுத்தம் சேலத்தைவிட ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைவு, அதனால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்ஸிஜனும் அந்த அளவு குறையும். நல்ல நுரையீரல் இதைச் சத்தமில்லாமல் ஈடுகட்டிவிடும். அதனால்தான் 12 வருடம் தினமும் 20 கொண்டை ஊசி வளைவுகளைத் திரும்பியபோது உங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. இப்போது சேலத்தில் இருக்கும்போது விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் மானியில் 95க்கு மேல் இருந்தால், அந்த உயரம் பெரும்பாலும் சிக்கல் தராது. அதற்குக் கீழே இருந்தால் என்னைப் போன்ற நுரையீரல் மருத்துவர் ஒருவரைப் பார்த்துவிட்டுப் போங்கள். போனால் முதல் நாள் மேட்டில் ஏறாதீர்கள். வீட்டு வாசல்வரை வண்டியில் போய் இறங்குங்கள். மார்கழி, தைப் பனியில் காலை வெயில் வந்த பிறகு வெளியே வாருங்கள், குளிர் காற்று மூச்சுக்குழாயை இன்னும் இறுக்கும். மகள் வீட்டில் விறகடுப்பு இருந்தால் அந்தப் பக்கம் உட்காராதீர்கள். விறகுப் புகையில் பல வருடம் சமைத்தவர்களுக்கு, ஒரு சிகரெட்கூடப் பிடிக்காமலே இந்த நோய் வருகிறது. உங்கள் புகையையும் சேர்த்து 30, 40 வருடம் சுவாசித்த உங்கள் மனைவிக்கு இருமல் இருந்தால் அவரையும் கூட்டிப்போய் ஊதவையுங்கள்.

ஆஞ்சியோ கேள்விக்கு என் பதில் இது. நான் நுரையீரல் மருத்துவர் என்பதற்காக எல்லாவற்றையும் நுரையீரல் பக்கம் தள்ளிவிட்டால், இதே தவறை மறுபக்கத்திலிருந்து செய்தவளாவேன். சிலருக்கு, குறிப்பாகச் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு, இதய அடைப்பு நெஞ்சு வலியாக வராமல் மூச்சிரைப்பாக மட்டுமே வரும். எக்கோவில் பம்ப் நன்றாக இருந்தும் இதயம் விறைத்து விரியாமல் இருப்பதும் உண்டு. படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்காருகிறீர்களா, நடு இரவில் திணறி விழிக்கிறீர்களா, மாலையில் கால் வீங்குகிறதா, நடந்தால் நெஞ்சில் அழுத்தம் வந்து நின்றால் குறைகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் ஊதும் சோதனைக்குக் காத்திராமல் இதய மருத்துவரைப் பாருங்கள். இரண்டு நோயும் சேர்ந்தே இருக்கலாம். அப்படி இருந்தால் நுரையீரலைக் கவனிப்பது இதயத்துக்கும் நல்லது. சளி பிடித்து சி.ஓ.பி.டி. திடீரென்று மோசமாகும் அந்த நாட்களிலும் அதை அடுத்த ஒரு மாதத்திலும் மாரடைப்பு வரும் ஆபத்து நன்றாகவே கூடுகிறது. வருடத்துக்கு ஒருமுறை ஃப்ளூ தடுப்பூசியும், நிமோனியா தடுப்பூசியும் போட்டுக்கொள்ளச் சொல்வது இதற்காகத்தான்.

மூச்சு திடீரென்று கூடி ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாமல் போனால், உதடு நீலம் பாரித்தால், வியர்வையோடு நெஞ்சு இறுகினால், சொந்த வண்டி தேடாமல் 108ஐக் கூப்பிடுங்கள். சளியில் ரத்தம் வந்தாலோ, காரணமில்லாமல் எடை குறைந்தாலோ, அவசரம் இல்லை என்று விட்டுவிடாமல் அந்த வாரமே எக்ஸ்ரே எடுங்கள். உங்களைப் போல் புகைத்தவருக்கு நுரையீரல் புற்றுநோயும் எங்கள் மனதில் இருக்கும்.

மூக்கனேரி நடையை நிறுத்திவிடாதீர்கள். நெஞ்சில் அழுத்தம் இல்லாத வரை நடக்கலாம். மற்றவர்களோடு போட்டி வேண்டாம். மூச்சு வாங்கினால் நின்று, விசில் அடிப்பதுபோல் உதட்டைக் குவித்து, இழுத்த நேரத்தைவிட இரண்டு மடங்கு நேரம் எடுத்து மெதுவாக வெளியே விடுங்கள். குழாய்கள் மூடிக்கொள்ளாமல் தேங்கிய காற்று வெளியேறும். சில வாரங்களில் நிற்கும் இடங்கள் குறையும்.

ஊதிய பிறகு கொடுக்கும் தாளை நகல் எடுத்து ஒன்றை இதய மருத்துவரிடம் கொடுங்கள், அவருடைய கோப்பில் அது இருக்க வேண்டும். இன்னொன்றைப் பார்த்து, மருந்துக்குப் பிந்தைய அந்த விகிதத்தையும் எஃப்.இ.வி.1 எத்தனை சதவீதம் என்பதையும், உங்கள் மாத்திரைகளின் பெயர்களோடு எனக்கு எழுதுங்கள். அடுத்ததை அதிலிருந்து பார்ப்போம்.